ஆசனமும் வழியும்: நகர்நோக்கிய பெயர்வும் பொதுப் போக்குவரத்தும்

யாழ்ப்பாண நகரின் ஓரத்திலே, கடனீரேரியின் கரையிலே அமைந்த ஊர் குருநகர். கரையூர் என்பது அதன் பழம்பெயர். கடற்றொழில் அதன் உயிர்நாடி. அவ்வூரார்க்கு நகரம் என்பது நடந்து செல்லும் தொலைவில் உள்ளதொன்று. பாடசாலை, மருத்துவமனை, நீதிமன்றம், சந்தை ஆகிய யாவும் கால்நடையில் எட்டக்கூடியன. வண்டி வாராதொழியினும் அன்றைய வாழ்வு நின்றுவிடுவதில்லை.

குடாநாட்டின் உட்பகுதியிலோ வன்னியின் குடியேற்றங்களிலோ வாழும் ஒருவனின் நிலை இத்தகையதன்று. அவனுக்கு நகரம் எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதை மைற்கல் தீர்மானிப்பதில்லை. எத்தனை மணிக்கு வண்டி வரும், கட்டணம் யாது, ஏறியபின் எங்கே அமரலாம், இறங்கியபின் வீடு எவ்வளவு தூரம் என்ற நான்கு வினாக்களே தீர்மானிக்கின்றன. ஒடுக்கப்பட்ட மக்கள் பிழைப்பையும் மதிப்பையும் நாடி ஊர்விட்டு நகர்நோக்கிப் பெயர்ந்த வரலாறு யாண்டும் இந்நான்கு வினாக்களோடு பிணைந்தே கிடக்கின்றது.

நகரத்துக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. ஊரிலே ஒருவனின் தந்தை யார், பாட்டன் யார் என்பதை அனைவரும் அறிவர். நகரிலே அவன் முன்பின் அறியப்படாதவன். அறியப்படாமை சிலர்க்குத் துன்பம். பிறப்பினால் இழிக்கப்பட்டவர்க்கு அதுவே முதல் விடுதலை. புகையிரதமும் பஸ்வண்டியும் அவ்விடுதலையின் வாயில்கள். ஆயினும் வாயிலிற் காவல் நிற்பவர் யார் என்பதும் உடன் ஆராயற்பாலது.

அம்பேத்கர் தம் இளமைக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை எழுதி வைத்துள்ளார். 1901 ஆம் ஆண்டளவில் அவரும் உடன்வந்த சிறுவரும் சதாராவிலிருந்து தந்தையைக் காணப் புகையிரதத்திற் புறப்பட்டு, மசூர் என்னும் நிலையத்தில் இறங்கினர். பயணச்சீட்டு வாங்கினார்க்குப் புகையிரதம் சாதி கேட்கவில்லை. இறங்கிய நிலையத்தின் அதிபர் கேட்டார். சிறுவர் மகார் வகுப்பினர் என்று அறிந்ததும் மாட்டுவண்டிக்காரன் அவர்களை ஏற்றிச்செல்ல மறுத்தான். ஈற்றில் இருமடங்கு கூலி பேசப்பட்டது. சிறுவர் தாமே வண்டியை ஓட்ட, அவன் உடன் நடந்து வந்தான். நெடுந்தூரப் பயணத்திலே கிடைத்த சமத்துவம் கடைசிச் சில மைல்களிலே தொலைந்து போயிற்று. இந்நிகழ்ச்சி ஓர் இளைஞரின் மனத்தைப் புண்படுத்தியதோடு அமையவில்லை. போக்குவரத்தையும் சமூகத்தையும் ஒருங்கே அளக்கும் அளவுகோலாகவும் விளங்குகின்றது.

உலக வரலாற்றில் இவ்வுண்மைக்கு விரிவான சான்று தருவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கறுப்பினத்தவர் வரலாறாகும். அடிமைமுறை 1865 இல் ஒழிந்தது. எனினும் தென்மாநிலங்களில் இன ஒதுக்கற் சட்டங்கள் எழுந்தன. 1910 ஆம் ஆண்டளவிற் தொடங்கி 1970 வரை ஏறக்குறைய 60 இலட்சம் கறுப்பினத்தவர் தெற்கை விட்டு வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அவர்களை ஏற்றிச்சென்றது பெரும்பாலும் புகையிரதமே. மிசிசிப்பியிலிருந்து சிக்காகோவுக்குச் சென்ற இருப்புப்பாதை ஒரு பேராறு போல் மக்களைச் சுமந்தது. உறங்கல் வண்டிகளிலே பணியாளராயிருந்த கறுப்பினத்தவர் வடக்கிற் பதிப்பிக்கப்பட்ட செய்தித்தாள்களைத் தெற்கின் சிற்றூர்களிற் பரப்பினர். வேலை உண்டு, வீடு உண்டு, வாக்குரிமை உண்டு என்ற செய்தி அவ்வழியே சென்றது.

தெற்கிலேயே தங்கியோர் பலர் அருகிலிருந்த நகரங்களுக்கு வந்தனர். அலபாமா மாநிலத்தின் மொன்ற்கோமெரி அவற்றுளொன்று. அந்நகரின் பஸ்வண்டிகளிற் பயணஞ்செய்தோருள் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். வீட்டுப்பணிக்குச் செல்லும் பெண்களும் கூலித்தொழிலாளரும் கொடுத்த காசிலேயே அவ்வண்டிகள் ஓடின. ஆயினும் முன்னாசனங்கள் அவர்களுக்கில்லை. 1955 டிசம்பர் 1 ஆம் நாள் றோசா பார்க்ஸ் என்னும் தையற்றொழிலாளி, வெள்ளையர் ஒருவர்க்காகத் தம் ஆசனத்தை விட்டெழ மறுத்துச் சிறைப்பட்டார். அவரைப் பிணையில் மீட்க முன்னின்ற ஈ. டி. நிக்சன், புகையிரத உறங்கல் வண்டிப் பணியாளர் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர். நாடெங்கும் புகையிரதத்திற் சென்று வேறு நகரங்களின் நடைமுறையைக் கண்டறிந்தவரே தம் நகரின் பஸ்வண்டியிலும் மாற்றம் வேண்டி நின்றார் என்பது கருதத்தக்கது.

மாட்டின் லூதர் கிங்கின் தலைமையில் 381 நாட்கள் மக்கள் பஸ்வண்டியைப் புறக்கணித்தனர். நடந்தனர், மோட்டார் வண்டிகளைப் பகிர்ந்து கொண்டனர். 1956 நவம்பரில் உயர்நீதிமன்றம் பிரித்து அமர்த்தும் சட்டம் செல்லாதென்ற தீர்ப்பை உறுதிப்படுத்தியது. ஆசனம் வென்றெடுக்கப்பட்டது.

ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. 1970 களின் நடுப்பகுதியிலிருந்து பெயர்வின் திசை மாறிற்று. வடக்கின் தொழிற்சாலைகள் நலிந்தன. தெற்கின் நகரங்கள் வளர்ந்தன. அத்திலாந்தா, கூஸ்டன், டலஸ், சார்லட் முதலிய நகரங்களுக்குக் கறுப்பினத்தவர் திரும்பினர். அத்திலாந்தாவில் மார்ட்டா எனப்படும் போக்குவரத்து ஆணையம் அமைந்தது. 1971 இல் நடந்த வாக்கெடுப்பில் நகரை உள்ளடக்கிய இரு மாவட்டங்கள் அதனை ஏற்றன. கிளேயிற்றன், குவினற் என்னும் வெள்ளையர் மிகுந்த இரு புறநகர் மாவட்டங்கள் மறுத்தன. ஏற்ற மாவட்டங்களிற் பஸ்கட்டணம் 40 சதத்திலிருந்து 15 சதமாகக் குறைக்கப்பட்டது. 1979 இல் விரைவுப் புகையிரதமும் ஓடத் தொடங்கிற்று. மறுத்த மாவட்டங்களின் எல்லையிலே வழி நின்றுபோயிற்று. கறுப்பினத்தவர் நகருக்கு வருவதைத் தடுக்க முடியாதோர், அவர்கள் புறநகருக்கு வரும் வழியைத் தடுக்க முயன்றனர் எனப் பலர் கூறுவர்.

காலம் செல்லச்செல்லக் கிளேயிற்றன் மாவட்டமே கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் இடமாயிற்று. உலகின் மிகப் பரபரப்பான விமான நிலையங்களுள் முன்னிற்பது பெரும்பாலும் அம்மாவட்டத்திலேயே உள்ளது. எனினும் மாவட்டம் நடத்திய பஸ்சேவை 2010 மார்ச்சுடன் நிறுத்தப்பட்டது. வானூர்திகள் தலைக்குமேற் பறக்க, கீழே தொழிலாளர் வேலைக்குச் செல்ல வண்டியின்றி நின்றனர். 2014 இல் மக்கள் வரியை ஏற்று வாக்களித்த பின்னரே, 2015 இல் மார்ட்டாவின் வண்டிகள் அங்கு வந்தன. மொன்ற்கோமெரியிற் போராட்டம் ஆசனத்துக்காக நிகழ்ந்தது. அத்திலாந்தாவில் அது வழிக்காக நிகழ்ந்தது. வண்டியே வாராத தெருவில் சம ஆசனம் என்பது பொருளற்ற சொல்.

இவ்விரு நிலைகளையும், நிறத்தின் இடத்திற் சாதியை வைத்து, யாழ்ப்பாணத்திலும் காணலாம். 1902 இற் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரிவரை புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. 1905 இல் யாழ்ப்பாணம் கொழும்புடன் இணைந்தது. ஆங்கிலக் கல்வி பெற்றோர் அவ்வழியே சென்று எழுதுவினைஞராயும் ஆசிரியராயும் மருத்துவராயும் தென்னிலங்கையில் நிலைபெற்றனர். 1956 இல் தொடங்கிய யாழ்தேவி அப்பெயர்வின் அடையாளமாகவே ஆயிற்று. ஆனால் பாடசாலைக்குட் புகமுடியாதவன் அப்பயணத்துக்குச் சீட்டு வாங்குவது எவ்வாறு? புகையிரதம் சாதி கேட்கவில்லை. அதில் ஏறுதற்கு வேண்டிய கல்வியைச் சாதி தடுத்து நின்றது.

ஊர்களை நகரோடு இணைத்த பஸ்வண்டியின் நிலை இன்னும் வெளிப்படையானது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு யாழ்ப்பாணத்தில் விதிக்கப்பட்டிருந்த தடைகளை ஆராய்ந்தோர் ஒரு நீண்ட பட்டியல் தருவர். கோயிலுக்குள் நுழையலாகாது, பொதுக்கிணற்றில் நீரள்ளலாகாது, மேலாடை அணியலாகாது, குடை பிடிக்கலாகாது, துவிச்சக்கர வண்டி வைத்திருக்கலாகாது. அப்பட்டியலிலே பஸ்வண்டியில் ஆசனத்தில் அமரலாகாது என்பதும் ஒன்று. மொன்ற்கோமெரியில் நகரச் சட்டம் செய்ததை ஈண்டு எழுதாச் சட்டமாகிய வழக்கம் செய்தது. எழுதிய சட்டத்தை நீதிமன்றம் அழிக்கலாம். எழுதாததை அழிப்பதற்கு முதலில் அது உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆசனம் பற்றிய பூசல் வண்டியோடு நின்றதன்று. 1920 களின் இறுதியில், அரசின் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் வாங்கில் ஒன்றாயமர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. நிலத்திலிருந்து வாங்குக்கு உயர்வது ஒன்றரை அடிதான். ஆயினும் அவ்வுயரத்தைக் காப்பதற்கும் எட்டுவதற்கும் ஒரு சமூகமே போராடியது.

1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், சாதி காரணமாகப் பொதுவாழ்வில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. 1958 சனவரி 1 ஆம் நாள் தனியார் பஸ்சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கிற்று. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தமை நோக்கற்பாலது. தனியார் வண்டியின் முதலாளி தன் வாடிக்கையாளரின் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவன்; வலியவரைப் பகைத்தால் வருவாய் குன்றும். சபையின் நடத்துநரோ அரசு சார்ந்த ஊழியர். அவர் கொடுக்கும் சீட்டிலே தூரமும் கட்டணமும் உண்டு, குலமில்லை. இலாபந் தராத வழிகளிலும் வண்டி விடும் கடப்பாடு பொதுச் சபைக்கே உரியது. சட்டம் ஆசனத்துக்கு உரிமை தந்தது. பொதுச் சபை அவ்வுரிமை வழக்கமாதற்கு ஓரிடந் தந்தது. ஆயினும் சட்டமும் சபையும் தாமாகவே மனத்தை மாற்றிவிடவில்லை. தேநீர்க்கடையும் கோயிலும் பின்னரும் மூடியே கிடந்தன.

அக்கதவுகளைத் திறக்க எழுந்தோர் நகரையே நாடினர். 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகர்நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர். தளராது நகரை அடைந்தோர் முற்றவெளியிற் கூடினர். பஸ்வண்டி ஓடிய அதே வீதியிலே அவர்கள் நடந்து வந்தனர். அதே ஆண்டில் டொமினிக் ஜீவா மல்லிகை இதழைத் தொடங்கினார். நகரத்து முடிதிருத்தும் நிலையம் ஒன்று இலக்கியத்தின் பிறப்பிடமாயிற்று. கே. டானியலின் பஞ்சமர் 1972 இல் வெளிவந்தது. ஊரிலே வாய்திறக்க இயலாதார்க்கு நகரம் அச்சுக்கூடத்தையும் வாசகரையும் தந்தது. வழி திறந்ததன் பயன் இதுவே.

பின்னர் வந்த போர் வழிகளையே அழித்தது. 1990 யூனில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. ஆனையிறவு வழி மூடப்பட, மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகிற் கடந்தனர். எரிபொருள் அரிதாக, துவிச்சக்கர வண்டியே குடாநாட்டின் பொதுவாகனம் போலாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியிலே குருநகர் உட்பட நகரம் முழுவதும் வெளியேறியபோது எல்லாச் சாதியாரும் ஒரே வீதியில் ஒருமித்து நடந்தனர். அஃது அவலத்தாற் பிறந்த சமத்துவம். அவலம் தணிந்ததும் அதுவும் தணிந்தது. 2014 ஒக்டோபரிற் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது.

இன்று வழிவேண்டி நிற்போர் யார் என்னும் வினா எழுகின்றது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்தை விட்டு வந்த தமிழர் பலர் கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிற் குடியமர்ந்தனர். அவர்தம் முன்னோர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தவர்கள். நடந்த வழியிற் பலர் மாண்டனர். 1914 இலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற்சேவை தொடங்கிற்று. அவர்களின் வழித்தோன்றல்களுள் நாட்கூலிக்குச் செல்வோர் இன்றும் மிகப் பலர். பிரதான வீதியில் விரையும் நெடுந்தூர வண்டிகள் அவர்களுக்காக ஓடுவனவல்ல. கிளைவீதியில் ஒழுங்காக வரும் ஒரு பஸ்வண்டியே அவர்களின் பிள்ளையை உயர்வகுப்புக்கும் தாயை மருத்துவமனைக்கும் கொண்டு சேர்ப்பது. மசூர் நிலையத்துக்கு அப்பாற்பட்ட அந்தக் கடைசி மைல்கள் இன்னும் முற்றாகக் கடக்கப்படவில்லை.

ஆகவே பொதுப் போக்குவரத்து என்பதைப் பொறியியலார்க்கும் கணக்காளர்க்கும் மட்டுமே உரிய பொருளாகக் கொள்ளல் தவறு. ஒரு நாடு தன் மக்களுள் யாரை எங்கே வரவிட விரும்புகின்றது என்பதை அதன் வண்டி நேரசூசி எழுதாமலே எழுதிவைக்கின்றது. ஆசனம் இன்றி வழி மட்டும் இருந்த காலத்தை யாழ்ப்பாணம் கண்டது. வழியின்றி ஆசனம் மட்டும் இருப்பதும் அதற்கு ஈடான குறையே. குருநகரார் போல் நகரை நடந்தடையும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அப்பேறு வாய்க்காதார்க்கு அதனை வழங்குவதே பொதுவண்டியின் அறம். அவ்வறம் நிறைவேறுமிடத்தே, நகர்நோக்கி வருபவன் விருந்தினனாக அன்றி உரிமைக் குடிமகனாக வந்திறங்குவான்.