மோட்டார் எஞ்சின் கொதிப்பதும் நீர் கசிவதும்

மோட்டார் எஞ்சினில் எரியும் பெட்ரோலின் உஷ்ண சக்தி முழுவதும் வண்டியை ஓட்டுவதற்குப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. சுமார் மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறிவிடுகிறது. ஏறக்குறைய அதே அளவான மற்றொரு பங்கை, சிலிண்டர்களைச் சூழ்ந்து ஓடும் நீர் ஏற்று, ரேடியேட்டருக்குக் கொண்டு சென்று காற்றில் விட்டுவிட வேண்டும். வண்டியை நகர்த்தும் சக்திக்குக் குறையாத உஷ்ணம் ஒவ்வொரு நிமிஷமும் நீரின் வழியே கடந்து செல்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்நீரோட்டம் சிறிது நேரம் தடைப்படினும் எஞ்சினுக்குக் கேடு நேர்வது ஏன் என்பது விளங்கும்.

மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடர் வண்டியை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய பழைய அம்பாசிடர்களின் குளிர்விப்பு அமைப்பு எளியது. மூடியைத் திறந்தால் உறுப்புகள் யாவும் கண்ணுக்குப் புலப்படும். நீரைச் செலுத்தும் பம்பு, அதன் முன்னால் சுழலும் விசிறி, மின்சாரம் தரும் டைனமோ ஆகிய மூன்றையும் ஒரே பெல்ட் இயக்குகிறது. ஆகையால் ஓடும்போது உஷ்ணமானியின் முள் ஏறுவதோடு, இக்னிஷன் சிவப்பு விளக்கும் எரிந்தால், பெல்ட் அறுந்ததோ வழுக்குவதோதான் காரணம் என்று வண்டியை நிறுத்துமுன்னரே உணர்ந்துகொள்ளலாம்.

கொதித்து நின்ற வண்டியின் ரேடியேட்டரில் நீர் குறைந்திருப்பதைக் கண்டதும், 'எங்கோ கசிகிறது' என்று முடிவு கட்டுவது பெருவழக்கம். இம்முடிவு பல சமயங்களில் தவறாகும். நீர் கசிந்து குறைந்ததால் எஞ்சின் சூடேறியிருக்கலாம். வேறொரு காரணத்தால் சூடேறி, நீர் கொதித்து வழிந்து குறைந்தும் இருக்கலாம். இவற்றுள் எது முன், எது பின் என்று தெளியாமல் செய்யும் பழுதுபார்ப்பு வீண் செலவேயாகும். ஓஸ் குழாய்களையும் ரேடியேட்டரையும் மாற்றிய பின்னும் கொதிப்பு நீங்காத வண்டிகள் பெரும்பாலும் இவ்வகையின.

ஆராய்ச்சியைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் கூடாது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, கடல் மட்டத்தில் நீரின் கொதிநிலையை 100 டிகிரி சென்டிகிரேடிலிருந்து ஏறத்தாழ 111 டிகிரிக்கு உயர்த்துகிறது. 110 டிகிரியில் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீரின் அழுத்தம் திடீரென நீங்கினால், ஒவ்வொரு கிலோகிராம் நீரிலும் மிகையாக உள்ள 10 கிலோ கலோரி உஷ்ணம், ஆவியாதலின் உள்ளுறை வெப்பமான 540 கிலோ கலோரிக்கு ஈடாகச் சுமார் 18 கிராம் நீரை அக்கணமே ஆவியாக்கிவிடும். அந்த ஆவியின் பருமன் ஏறத்தாழ 30 லிட்டர். இது எஞ்சிய கொதிநீரையும் உடன் வாரிக்கொண்டு, திறப்பவரின் முகத்தை நோக்கிப் பாயும். பள்ளி ஆசிரியர்கள் உள்ளுறை வெப்பப் பாடத்தில் இக்கணக்கை மாணவரைக் கொண்டே போடச் செய்யலாம். எஞ்சினை நிறுத்தி, மேல் ஓஸ் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பதே முறை. சூடான வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீரை ஒரேயடியாக ஊற்றினால் விரிசல் காணக்கூடும் என்பதும் நினைவிருக்கவேண்டும்.

வழியில் முள் ஏறிப் பின்பு தானே இறங்கிவிட்டால் அபாயம் நீங்கியது என்று சாரதிகள் மகிழ்வதுண்டு. இது கொடிய ஏமாற்றம். உஷ்ணமானியின் உணர்குமிழ் நீரில் மூழ்கியிருக்கும் வரையில்தான் நீரின் உஷ்ணத்தைக் காட்டும். நீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், அது சூழ்ந்துள்ள காற்றின் நிலையையே காட்டுகிறது. எஞ்சின் வறண்டு வேகும்போது முள் குளிர்ச்சியைக் காட்டுவது இதனாலேயே.

கொதிப்பு எப்போது நிகழ்கிறது என்ற கேள்வி பாதி நோயை உணர்த்திவிடும். நகரத்து நெரிசலில் மெதுவாகச் செல்கையில் சூடேறி, வேகமாகச் சென்றால் தணியுமாயின், விசிறி, பெல்ட், ரேடியேட்டரின் முகத்தில் அடைந்துள்ள தூசியும் பூச்சிகளும் ஆகியவற்றை முதலில் பார்த்தல் நலம். மேட்டில் ஏறும்போது மட்டும் சூடேறினால், ரேடியேட்டர் குழல்களின் உள்ளே உப்புப் படிந்திருக்கலாம். இக்னிஷன் நேரம் பிந்தியிருக்கலாம். பம்பு உறிஞ்சும் பக்கத்துக் கீழ் ஓஸ் நைந்துபோய், வேகத்தில் உட்குழிந்து நீரைத் தடுக்கலாம். கால்காவிலிருந்து சிம்லாவுக்கு ஏறும் வண்டிக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. உயரம் 300 மீட்டர் கூடுந்தோறும் கொதிநிலை சுமார் 1 டிகிரி குறைகிறது. 2,200 மீட்டர் உயரமுள்ள சிம்லாவில் திறந்த நீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். சமவெளியில் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தும் குற்றம் தெரியாமல் ஓடிய வண்டி, மலையில் கொதிப்பதற்கு அந்த மூடி ஒன்றே காரணமாகலாம். விலை மலிவான இவ்வுறுப்பைக் கடைசியில் பார்ப்பவர்களே அதிகம்.

கசிவைத் தேடுவதற்கு ஏற்ற வேளை அதிகாலை. இரவில் வண்டியின் கீழ் பழைய செய்தித்தாளை விரித்துவைத்தால் ஈரத்தின் இடம் வழிகாட்டும். ஆயினும் நீர் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. காய்ந்த நீர் விட்டுச்சென்ற வெண்மையான அல்லது துருநிறமான கறையை மேல்நோக்கித் தொடர்ந்து செல்லவேண்டும். பம்பின் தண்டுக்குக் கீழேயுள்ள சிறு துளையில் ஈரம் காணப்பட்டால் உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்பது பொருள். அத்துளையை அடைத்துவிடுவது பேதைமை. எஞ்சின் பக்கச் சுவரில் பதித்துள்ள வட்டத் தகட்டு அடைப்பான்கள் உட்புறமிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விடுகின்றன. சில கிளிப்புகள் குளிர்ந்த நிலையில் கசிந்து, சூட்டில் ரப்பர் விரிந்ததும் நின்றுவிடும். ஆதலால் பகலில் எத்துணை தேடினும் அகப்படா. கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு, அளவுமானி பொருத்திய கைப்பம்பினால் குளிர்ந்த ரேடியேட்டரில் மூடிக்குரிய அழுத்தத்தை ஏற்றிப் பத்து நிமிஷம் விட்டுவைப்பர்.

முள் இறங்குகிறது, ஆனால் வெளியே ஒரு சொட்டும் இல்லை எனில், நீர் எஞ்சினுள்ளேயே செல்கிறதென ஐயுறவேண்டும். சிலிண்டர் ஹெட் கேஸ்கட் பழுதடைவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். எண்ணெய் பாலேடுபோல் வெளுத்தல், சூடான பின்னும் நிற்காத வெண்புகை, அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் கம்பிரஷன் குறைதல் ஆகியவை அடையாளங்கள். குளிர் காலத்தில் சிறு தூரமே ஓடும் வண்டியில் எண்ணெய் மூடியின் உட்புறம் மட்டும் காணும் வெண்படிவு, காற்றின் ஈரம் படிந்ததாகவே இருக்கலாம். அதைக் கண்டு ஹெட்டைக் கழற்ற வேண்டுவதில்லை.

இந்த ஐயத்தைத் தீர்க்கப் பள்ளி ஆய்வுக்கூடத்துச் சுண்ணாம்புத் தெளிநீரே போதும். கேஸ்கட் வழியே சிலிண்டரின் வாயு நீரில் கலந்தால், அதிலுள்ள கரியமில வாயு ரேடியேட்டரின் வாயில் வெளிப்படும். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து, நீர் மட்டத்தை இரண்டு அங்குலம் இறக்கி, எஞ்சினைத் தொடங்கவேண்டும். நீருக்கு மேலுள்ள காற்றை ரப்பர்க் குமிழால் இழுத்துத் தெளிநீரினூடே செலுத்தினால், பழுதுள்ள எஞ்சினில் அது விரைவில் பால்போல் கலங்கும். வெளிக்காற்றை அதே தடவை செலுத்திய மற்றொரு குழாயோடு ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. வாயால் உறிஞ்சுதல் கூடாது. அவ்வாயுவில் நச்சுத்தன்மையுள்ள கார்பன் மோனாக்சைடும் உண்டு. நீர் சூடேறுமுன் சோதனையை முடித்துவிடவேண்டும். ஏனெனில் கடின நீர் சூடாகும்போது அதிலுள்ள பைகார்பனேட்டும் சிறிது கரியமில வாயுவை விடும். நல்ல எஞ்சின்மீதும் பழி விழும்.

கொதிப்புக்கு மருந்தாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ஒரு கெட்ட பழக்கம். அதனால் கசிவும் நிற்காது, அடைப்பும் நீங்காது. குளிர்ந்தே ஓடும் எஞ்சின் விரைவில் தேயும். அதை நூலில் கட்டி, வெப்பமானியோடு பாத்திர நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன்மீது பொறித்துள்ள உஷ்ணத்தில் திறக்கிறதா என்பதை ஐந்து நிமிஷத்தில் அறியலாம்.

பழுது நீங்கியபின் ஊற்றும் நீர் கிணற்று நீராக இருத்தல் கூடாது. காய்ச்சி வடித்த நீரும் எதிலீன் கிளைகாலும் சமபங்காகச் சேர்ந்த கலவை ஏறத்தாழ பூஜ்யத்துக்குக் கீழ் 37 டிகிரி வரை உறையாது. காஷ்மீரத்திலும் லடாக்கிலும் பணிபுரிவோருக்கு இது அவசியம். கிளைகால் இனிக்கும் நஞ்சு. ரேடியேட்டரிலிருந்து வடித்ததைத் தரையில் விட்டால் நாயும் கன்றும் நக்கிவிடும். மூடியுள்ள கலத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும். நிரப்பியதும் உள்ளே காற்று தங்கியிருக்கும். ஆகையால் எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டி, முற்றிலும் ஆறியபின் மூடியைத் திறந்து மட்டத்தை மறுபடி பார்த்து நிரப்பி, மறுநாள் காலையிலும் ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளல் வேண்டும்.