ஒரு கிட்னி மட்டும் சிறியதாக இருந்தால்

வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போவார்கள். ரிப்போர்ட்டில் வலது சிறுநீரகம் 11 சென்டிமீட்டர், இடது 7 சென்டிமீட்டர் என்று இருக்கும். ‘கிட்னி சுருங்கிப்போச்சாம்’ என்று வீடே கலங்கிவிடும். பெரியவர்களின் சிறுநீரகம் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும் என்பதால் கவலை நியாயம்தான். ஆனால் அது பிறகு சுருங்கியதா, கருவிலேயே வளராமல் நின்றதா என்று முதலில் தெரிய வேண்டும்.

ஓர் உறுப்போ திசுவோ, பெரும்பாலும் கருவிலேயே, முழு அளவுக்கு வளராமல் நின்றுவிடுவதை மருத்துவர்கள் ஹைப்போபிளேசியா என்பார்கள். பல் எனாமல், நுரையீரல், பார்வை நரம்பு, இதயத்தின் இடப்பக்கம் என எதற்கும் இது நேரலாம். இதயத்தில் என்றால் பிறந்த சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. ஒற்றைச் சிறுநீரகத்தில் என்றால் ஆயுள் முழுக்கத் தெரியாமலே போகலாம்.

கருவில் சிறுநீர்க்குழாயின் முளை ஒன்று, சிறுநீரகமாகப் போகும் திசுவுக்குள் நுழைந்து மரம்போலக் கிளைவிடுகிறது. கிளைநுனிகளை ஒட்டித்தான் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் உருவாகின்றன. கிளைகள் குறைந்தால் நெஃப்ரான்களும் குறையும். சராசரியாக ஒரு சிறுநீரகத்தில் 10 லட்சம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நிஜத்தில் ஆளுக்கு ஆள் இது பல மடங்கு வேறுபடும். எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பொதுவாகக் குறைவு. கர்ப்பத்தின் 36-வது வாரத்தோடு இந்த வேலை முடிந்துவிடுகிறது. அதன்பின் புதிய நெஃப்ரான் முளைக்காது. முளைக்க வைப்பதாகச் சொல்லி விற்கும் எந்தப் பொடிக்கும் பணத்தை வீணாக்காதீர்கள்.

குறையை மற்றொரு சிறுநீரகம் பெரும்பாலும் ஈடுகட்டும், தானும் சற்றுப் பெருத்துவிடும். சிறியதின் விளிம்பு வழவழப்பாக இருந்தால் பிறவிக் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். தழும்பும் மேடுபள்ளமும் தெரிந்தால், சிறுவயதில் சிறுநீர் பின்னோக்கி ஏறியதால் வந்த கிருமித்தொற்றைச் சந்தேகிப்பார்கள். ரத்தக்குழாய் அடைப்பாலும் சுருங்கலாம். பழைய ஸ்கேன் ஏதாவது இருந்தால் தேடியெடுத்துக் கொண்டுபோங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். இரண்டு பக்கமும் சிறியதாக இருந்தால் விஷயமே வேறு, தாமதிக்காமல் சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் சிறியதாக இருந்து, மற்றது நன்றாக வேலை செய்தால், பெரும்பாலும் கண்காணிப்பே போதும். ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் மூன்றையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும்.

புரதம் கசியத் தொடங்கினால் எனலாபிரில், லோசார்ட்டான் போன்ற மாத்திரைகளைக் கொடுப்பார்கள். அவை சிறுநீரகத்தைக் காக்கும். ஆனால் கருவில் வளரும் சிறுநீரகத்தை அதே மாத்திரைகள் கெடுத்துவிடும். ஆகவே இவற்றைச் சாப்பிடும் பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும்.