நடைக்கு முன் காலைப் பாருங்கள்



மாசி பிறந்துவிட்டால் நம் பக்கத்துச் சாலைகளில் "கோவிந்தா, கோபாலா" என்ற குரல் கேட்கத் தொடங்கும். சிவாலய ஓட்டம் முன்சிறை திருமலையில் புறப்பட்டு, திக்குறிச்சி வழியாக மூன்றாவது கோயிலான நம் திற்பரப்புக்கு வந்து, பன்னிரண்டாவதாகத் திருநட்டாலத்தில் முடிகிறது. தூரம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். ஓர் எட்டுக்கு 70 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம் எட்டுக்கு மேல் வருகிறது. அத்தனையையும் தாங்குவது நம் இரண்டு பாதங்கள்தான்.

வழக்கப்படி இந்த ஓட்டம் வெறுங்காலில்தான். கோயிலுக்குக் கோயில் குளித்து, ஈரத் துணியோடு நடப்பார்கள். ஈரத்தில் ஊறிய தோல் மெத்தென்று ஆகிவிடும். அது தார் ரோட்டில் உராயும்போது கொப்புளம் வரும். பகலில் தார் சுடும். இரவில் கல்லும் முள்ளும் குப்பிச்சில்லும் கண்ணுக்குத் தெரியாது. நல்ல காலுக்கே இந்தப் பாடு என்றால், உணர்ச்சி குறைந்த காலுக்கு?

நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ரப்பர் பால் வடிக்கும் தொழிலாளி, சர்க்கரை நோய் உள்ளவர். ஓட்டம் முடிந்து வந்தவரிடம், "அண்ணாச்சி, கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "ஒரு வலியும் இல்ல சார், சுகமா நடந்தேன்" என்றார். மூன்றாம் நாள் அவர் மனைவி பாயைச் சுருட்டும்போது ரத்தக் கறையைப் பார்த்தார். உள்ளங்காலில் சில்லு ஏறியிருந்தது. அதை மூன்று நாளாக மிதித்தே நடந்திருக்கிறார்! புண் ஆற மாதக்கணக்கானது. அந்த அம்மா பார்க்காமல் விட்டிருந்தால் விரல் போயிருக்கும்.

வலி இல்லாத கால் நல்ல கால் என்று நினைக்காதீர்கள். வலி என்பது உடம்பு வைத்திருக்கும் காவல்காரன். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் இதைக் கண்டார். வலி தெரியாததால் அவர்கள் புண்ணின் மேலேயே நடந்தார்கள், அதனால் பாதம் கெட்டது என்று எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயில் நரம்பு கெட்ட காலுக்கும் இதே கதைதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை

இதற்குக் கருவி வேண்டாம், கணவனும் மனைவியும் போதும். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவமனையில் உருவான எளிய முறை இது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டிப் படுக்கட்டும். மற்றவர் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் நுனிகளை ஆட்காட்டி விரலால் பூப்போல ஒன்றிரண்டு விநாடி தொடட்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தால், எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். இரு காலிலும் சேர்த்து ஆறு தொடுதல். இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கலாம். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

வெந்நீரில் காலை விட்டுச் சோதிக்கவே கூடாது. சுடுவது தெரியாமல் வெந்துபோகும்.

"செருப்புப் போட்டால் நேர்ச்சைக்குக் குறை இல்லையா?"

நியாயமான கேள்வி. உங்கள் நம்பிக்கையில் நாங்கள் தலையிடவில்லை. கால் நன்றாக உள்ளவர்கள் வழக்கப்படி போகட்டும். ஆனால் உணர்ச்சி குறைந்தவர்கள், காலில் புண் உள்ளவர்கள், முன்பு புண் வந்து ஆறியவர்கள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. பன்னிரண்டு கோயிலையும் வண்டியில் போய்த் தரிசிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களோடு போகலாம். கோயில் நடையில் கழற்றிய செருப்பை வெளியே வந்ததும் மறக்காமல் போடுங்கள். அந்த நேரத்தில் தரை சுடுமானால் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள்.

செருப்பு வாங்கும்போது

திருச்செந்தூருக்கோ வேளாங்கண்ணிக்கோ செருப்போடு நடப்பவர்களும் இதைக் கவனியுங்கள்.

1. மாலையில் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த செருப்பு மாலையில் இறுக்கும்.

2. காகிதத்தின் மேல் நின்று இரு பாதத்தையும் வரைந்து, வெட்டி எடுத்துப் போங்கள். செருப்புக்குள் வைத்தால் காகிதம் மடங்கக் கூடாது. ஒரு கால் பெரிதென்றால் அதற்கே அளவு பாருங்கள்.

3. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

4. பின்வார் உள்ளதாகப் பாருங்கள். விரலிடுக்கில் வார் உள்ள ரப்பர் செருப்பு நீண்ட நடைக்கு ஆகாது. விரலால் இறுக்கிப் பிடித்தே நடக்க வேண்டி வரும். உணர்ச்சி குறைந்தவருக்கு அது கழன்று போவதும் தெரியாது.

5. அடித்தோல் விரல்கள் தொடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வேண்டாம்.

6. சர்க்கரை நோயாளிகள் எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

புதுச் செருப்போடு யாத்திரை புறப்படாதீர்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, நாளுக்கு நாள் கூட்டி, இரண்டு மூன்று வாரம் பழக்குங்கள். ஒவ்வொரு தடவையும் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். சின்னக் கல்லும் ஆணி முனையும் கைக்குத்தான் தெரியும்.

வழியிலும் வீட்டிலும்

குளித்தபின் விரலிடுக்கு ஈரத்தைத் துடையுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். புண்ணில் சுண்ணாம்பு, காப்பித்தூள், சாணம் வைக்கவே வேண்டாம். ஆணியோ முள்ளோ குத்தினால் டெட்டனஸ் ஊசிக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவருக்குச் சிறு கொப்புளம் வந்தாலும் நடையை நிறுத்தி, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

வீடு திரும்பியதும் ஒருவர் பாதத்தை மற்றவர் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது கடினம். "என் காலையா நீ பார்க்கணும்?" என்று கூச்சப்பட வேண்டாம். அந்தத் தொழிலாளியின் விரலைக் காப்பாற்றியது அவர் மனைவியின் கண்தான்.

வலிக்கவில்லை என்று விடாதீர்கள், பார்த்தபின் நடங்கள்!