திண்டுக்கல்லின் முகங்கள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன, தெரியுமா?

திண்டுக்கல் என்றதும் பூட்டு என்பீர்கள், பிரியாணி என்பீர்கள். முகம்? நானூறு வருடமாக இந்த ஊரைக் கட்டியவர்கள், காத்தவர்கள், இழந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டால் எங்கே போவீர்கள்? மலைக்கோட்டைக்கு மேலே ஏறினால் காற்று அள்ளுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. கோட்டைக்காரர்களின் முகங்கள் மட்டும் மதுரையில், சென்னையில், கொல்கத்தாவில், லண்டனில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தேடிப் போவோம், வாருங்கள்!

கோட்டையைக் கட்டியவர் குடும்பத்தைப் பார்க்க 60 கிலோமீட்டர் போதும். 1605இல் மலைமேல் கோட்டை எழுப்பியவர் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர். யார் அவர்? திருமலை நாயக்கரைப் பெற்ற அப்பா! மகன் மதுரைக் கோயிலுக்கு எதிரே புதுமண்டபம் கட்டினார். அதன் தூண்களில் விசுவநாத நாயக்கர் தொடங்கித் தன் வரைக்கும் வம்சத்தையே ஆளுயரத்துக்கு நிறுத்திவிட்டார். கைகூப்பி நிற்கும் அரசர்கள், பக்கத்தில் அரசியர். திருமலை நாயக்கரை எப்படி அடையாளம் காண்பது? தலைக்கு மேலே விதானம் இருக்கும், தொப்பை சற்றே முன்தள்ளி இருக்கும். தொப்பையை ஒளிக்கச் சொல்லாத அரசர்! லண்டனில் ‘தேசிய உருவப்பட அருங்காட்சியகம்’ தொடங்கியது 1856இல். அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே நம் பக்கத்து ஊரில், திருவிழாக் கூட்டம் நடக்கும் வழியிலேயே, ஒரு கல் உருவக்கூடம் எழுந்துவிட்டது. நெடுங்காலம் அந்தத் தூண்களின் நிழலில் தையல்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் தொழில் செய்தார்கள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் அரசர்!

அடுத்தது என்னைத் தூங்கவிடாத கதை. திண்டுக்கல் ஆங்கிலேயர் கைக்குப் போன அதே உடன்படிக்கையில் இரண்டு சிறுவர்களும் போனார்கள், தெரியுமா?

ஹைதர் அலி 1755இல் திண்டுக்கல்லின் ஃபௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, வந்தவர். பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு இங்கே ஆயுதச் சாலை அமைத்தவர். அவர் தங்கை அமீருன்னிஸா பேகத்தின் அடக்கத்தலம் இருப்பதால்தான் பேகம்பூருக்கு அந்தப் பெயர். அப்படி வேர்விட்ட ஊரை ஹைதரின் மகன் திப்பு 1792 மார்ச்சில், ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில், ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. ராஜ்யத்தில் பாதி போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் போர் நஷ்டஈடு வேறு. பணம் வந்து சேரும்வரை பிணை யார்? திப்புவின் பிள்ளைகள்! அப்துல் காலிக்குக்குப் பத்து வயது இருக்கும், முயிசுதீனுக்கு எட்டு. ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ் கைநீட்டி அவர்களை வாங்கிக்கொண்டார்.

அந்தக் காட்சியை எத்தனை பேர் வரைந்தார்கள் என்கிறீர்கள்! படையோடு வந்திருந்த ராபர்ட் ஹோம் வரைந்தார். தன்னையும் ஓர் ஓரத்தில், கையில் ஓவியக் கட்டோடு, சேர்த்துக்கொண்டார். அந்த ஓவியம் இன்று லண்டன் ராணுவ அருங்காட்சியகத்தில். மேதர் பிரவுன் இந்தியா பக்கமே வராதவர், அவரும் வரைந்தார்! லண்டன் சனங்களுக்கு அது கருணைக் காட்சி. ‘எதிரியின் பிள்ளைகளை நம் தளபதி எவ்வளவு அன்பாக ஏற்றுக்கொள்கிறார்!’ என்று உருகினார்கள். ஒரு தகப்பன் பிள்ளைகளை அடகு வைத்த காட்சி என்று படிக்க நமக்குத்தான் தெரியும். 1794இல் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஊர் திரும்பவில்லை.

இதைப் பார்க்க லண்டன் போக வேண்டாம். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய காரன்வாலிஸ் சிலை நிற்கிறது. எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் பீடத்தைப் பாருங்கள். பிள்ளைகளை ஒப்படைக்கும் அந்தக் காட்சி அங்கே புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. திண்டுக்கல் கைமாறிய கணத்தின் கல்வெட்டு என்றே அதைச் சொல்வேன். திப்புவின் மகன்களைத் தாமஸ் ஹிக்கி தனித்தனியாகத் தீட்டிய ஓவியங்கள் கொல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் இருக்கின்றன.

ஆனால் சிவகங்கை ராணி வேலு நாச்சியார்? 1772இல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்து, விருப்பாட்சியிலும் திண்டுக்கல்லிலும் அடைக்கலம் பெற்று, ஹைதரிடம் படை கேட்டு வாங்கி, 1780இல் சிவகங்கையை மீட்டவர்! அவரை எதிரில் உட்கார வைத்து எந்த ஓவியரும் வரைந்ததாகப் பதிவில்லை. 2008இல் வந்த தபால்தலையில் இருப்பது பிற்காலத்தார் மனக்கண்ணில் கண்ட முகம். அவருக்கு இடம் கொடுத்து, 1801இல் தூக்குமரம் ஏறிய விருப்பாட்சி கோபால நாயக்கருக்கும் இதே கதிதான். வென்றவர்களிடம் ஓவியர்கள் இருந்தார்கள், வண்ணம் இருந்தது. இவர்களுக்கு வாய்மொழிக் கதை மட்டும்.

வெளியூரில் இருக்கும் முகங்கள் சொந்த ஊருக்கு வர முடியுமா? வந்திருக்கின்றன, ஆனால் நம் ஊருக்கு அல்ல! அதே லண்டன் உருவப்பட அருங்காட்சியகம் 2019இல் ‘வீடு திரும்புதல்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஐம்பது உருவப்படங்களை, அந்தந்த மனிதரோடு தொடர்புள்ள ஊர்களுக்குக் கடனாக அனுப்புவது என்று முடிவு. தன் தெருவில் ஓடி விளையாடிய பையனின் முகத்தைத் தன் ஊர் மண்டபத்திலேயே பார்க்கும் பாக்கியம்! இத்தனைக்கும் அது ஒரு காலத்தில் ஏகக் கெடுபிடியான இடம். அரச குடும்பம் நீங்கலாக, உயிரோடு இருப்பவர் படத்துக்கு 1969வரை அங்கே இடமில்லை!

நம் பக்கம் மட்டும் என்ன குறைச்சல்? மதுரை தமுக்கத்தில், ராணி மங்கம்மாளின் அரண்மனையில், 1959 ஏப்ரலில் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறதே! ஒரே மனிதரின் முகத்தைப் பால்யத்திலிருந்து கடைசி நாள்வரை புகைப்படங்களாகத் தொடர்ந்து நடக்கலாம். சிரிப்பு மாறாமல் பற்கள் மட்டும் குறைந்துகொண்டே வரும். அங்கே பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திரும்பும் வழியில் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தில் வண்டியை நிறுத்துங்கள். டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, மருத்துவராகி, 1947இல் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு அந்த இடத்தை உருவாக்கிய சௌந்தரம் அம்மாவின் முகத்தையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். அவருக்கும் 2005இல் தபால்தலை வந்தது. தபால்தலையும் ஒரு சின்ன உருவப்படம்தானே!

ராணியும் தளபதியும் சரி, சாதாரண சனங்கள்? இங்கேதான் உண்மையான அதிசயம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டூடியோக்களைத் தேடிப் போயிருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான குடும்பப் படங்களை எண்ணிமப்படுத்தியிருக்கிறார்கள். நாற்காலியில் விறைத்து அமர்ந்த தாத்தா, பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் பாட்டி, பின்னால் திரைச்சீலையில் தீட்டிய மாளிகைத் தூண், முக்காலியில் பூச்சாடி. அடடா, எல்லார் வீட்டிலும் இருந்த படம்! ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், படத்தில் உள்ள வெள்ளி மங்கும், கண்ணாடி நெகட்டிவ் கைதவறினால் தூள். ஸ்டூடியோ மூடினால் மொத்தமும் பழைய சாமானோடு போய்விடும்.

உங்கள் வீட்டுப் பீரோ மேலேயும் அப்படி ஒன்று துணி சுற்றிக் கிடக்கலாம். எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்களேன். ஸ்டூடியோ பெயர், ஊர், அதிர்ஷ்டம் இருந்தால் தேதிகூட முத்திரையில் இருக்கும். படத்தில் இருப்பவர் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டு, மென்மையான பென்சிலால் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.