கலைத்தலும் மறைத்தலும்

சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் 2023-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் திருப்பணிக்காக மண் அகழ்ந்தபோது, 20-க்கும் மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. இத்தகைய திருமேனியொன்றின் ஒளிப்படத்தை ஆய்வாளர் ஒருவர் அயலூர் அறிஞர்க்குக் கணிப்பொறி வழியே மறைவாக அனுப்ப விரும்புகின்றார் எனக் கொள்க. சிலைக்கள்வர் பலர் பிடிபட்டுள்ள நாட்டில் அவ்விருப்பம் தக்கதே.

படத்தை முதலிற் சுருக்கிப் பின்னரே மறைத்தல் வேண்டும். நன்கு மறைக்கப்பட்டதில் ஒழுங்கு புலப்படாது. ஒழுங்கில்லாததைச் சுருக்குதல் இயலாது.

1992-இல் வகுக்கப்பட்ட ‘ஜேபெக்’ என்னும் சுருக்கமுறை, படத்தைச் சிறு கட்டங்களாகப் பகுக்கும். கட்டம் ஒன்றுக்கு வரிசைக்கு எட்டாக 64 புள்ளிகள் உண்டு. அவை 64 எண்களாக மாற்றப்படும். முதலெண் கட்டத்தின் சராசரி ஒளியையும், ஏனையவை அதன் நுணுக்கங்களையும் குறிக்கும். வெறுஞ்சுவர் தோன்றும் கட்டத்தில் பெரும்பாலும் சுழியங்களே எஞ்சும். அணிகலன் செறிந்த மார்பு தோன்றும் கட்டத்திலோ சுழியமல்லாத எண்கள் பல நிற்கும்.

விரைவு கருதிச் சிலர், ஒவ்வொரு கட்டத்துள்ளும் எண்களின் வரிசையை மட்டும் கலைத்து அமைவர். படம் இறைந்த மணல்போல் தோன்றும். காண்பவர் பாதுகாப்பு அமைந்ததென மகிழ்வர். கள்வனோ கட்டந்தோறும் சுழியமல்லாத எண்கள் எத்தனை என்று மட்டும் எண்ணுவான். மிகுந்த கட்டத்தை வெள்ளையாகவும் குறைந்ததைக் கருப்பாகவும் தீட்டுவான். திருமேனியின் வடிவம் எழுந்து நிற்கும்! திருஞானசம்பந்தரின் சக்கரமாற்றில் காழியின் பெயர்கள் பாட்டுக்குப் பாட்டு முறைமாறி வரினும், எண்ணுவார்க்கு அவை பன்னிரண்டே அன்றோ?

மற்றொரு குறையும் உண்டு. ஒரே கலைப்புமுறையைப் பல படங்களுக்கு வழங்கினால், ஒரு படத்தின் மூலமும் கலைந்த வடிவமும் கள்வன் கையில் அகப்பட்டபோது, அவன் இரண்டையும் ஒப்பிட்டு அம்முறையை அறிந்துகொள்வான். பின் ஏனைய படங்களும் திறந்த வீடே.

மறைக்கும் முறையைப் பகைவன் அறிவான் என்றே கொள்க, திறவுகோல் ஒன்றே மறைவாதல் வேண்டும் என்று கெர்க்காஃப்ஸ் என்பார் 1883-இல் வரையறுத்தார். மறைமுறையின் வலிமையை அளப்போர் கண்ணை நம்பாது, பகைவன் இருக்கையில் அமர்ந்தே ஆராய்வர். 2001-இல் அமெரிக்க நாடு தரமாக ஏற்ற ‘ஏஇஎஸ்’ முறையால் சுருங்கிய கோப்பு முழுவதையும் நெறிப்படி மறைத்தால், அதன் நீளம் தவிரப் படத்தைப்பற்றி வேறொன்றும் புறத்தார்க்குப் புலனாகாது. கலைப்பதோடு நிற்பதால் மிச்சமாகும் நேரமோ, இக்காலக் கணிப்பொறியில் கண்ணிமைக்கும் பொழுதே.