ஒற்றையும் இரட்டையும்

இரண்டால் மிச்சமின்றி வகுபடும் எண்ணை இரட்டைப்படை என்றும், வகுத்தபின் ஒன்று எஞ்சும் எண்ணை ஒற்றைப்படை என்றும் கூறுகிறோம். கணிதத்தில் இவ்விரண்டிற்கும் உயர்வு தாழ்வு இல்லை. ஆயினும் மக்கள் வழக்கில் ஒன்று மங்கலமாகவும் மற்றொன்று அமங்கலமாகவும் கருதப்படுகிறது.

தமிழர் மணவீடுகளில் மொய் எழுதுவோர் ஐம்பதோ நூறோ வைப்பதில்லை. 51 அல்லது 101 என்று வைப்பர். கோலார் தங்கவயலில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. நவராத்திரிக் கொலுவிற்கும் படிகள் ஒற்றைப்படையாகவே அமைகின்றன. ஜப்பானியரும் மணமக்களுக்குரிய அன்பளிப்புத் தொகை எளிதில் இரண்டாகப் பிரிந்துவிடலாகாது என்று ஒற்றைப்படையை நாடுவர். சீனரோ நல்லவை இணையாகவே வரும் என்று இரட்டைப்படையை விரும்புவர். எனினும், மரணத்தைக் குறிக்கும் சொல்லின் ஒலியை ஒத்திருப்பதால் நான்கை மட்டும் விலக்குவர். ருஷியாவில் இரட்டைப்படை மலர்கள் இறந்தோர்க்கே உரியவை. பண்டை ரோமானியர் தம் மாதங்களுக்கு 29 அல்லது 31 நாட்களே வகுத்து, பெப்ரவரிக்கு மட்டும் 28 நாட்களை விட்டனர். இவ்வாறு ஒரு நாட்டின் மங்கலம் மற்றொரு நாட்டில் அமங்கலமாவதால், இக்குணம் எண்ணில் உள்ளதன்று, வழக்கத்தில் உள்ளதே என்பது தெளிவு.

வழக்கம் என்பதனாலேயே அது பயனற்றதாகிவிடாது. சுரங்கக் கிணற்றில் கூண்டை ஏற்றியிறக்குவதற்கான மணிக்குறிகளை நோக்குக. ஓடும் கூண்டை நிறுத்த ஒரு மணி, இறக்க இரண்டு, மனிதர் ஏறவிருக்கின்றனர் என்று அறிவிக்க மூன்று. மணியை அடிப்பவரும் எந்திரத்தை இயக்குபவரும் ஒரே பொருளைக் கொள்வதால் உயிர்கள் காக்கப்படுகின்றன. இங்கு எண் ஒரு மொழி, அதிர்ஷ்டம் அன்று.

விபத்திற்கு எண்ணையே காரணமாக்கும்போதுதான் தீங்கு விளைகிறது. ஒருவர் பல ஆண்டுகளின் விபத்துப் பதிவேட்டைப் புரட்டி, ஒற்றைப்படைத் தேதிகளில் விபத்துகள் மிகுதி என்று காண்பதாகக் கொள்வோம். அவர் கணக்கு சரியாகவே இருக்கலாம், முடிவுதான் தவறு. 31 நாள் கொண்ட மாதங்கள் ஏழு. அவை ஒவ்வொன்றிலும் ஒற்றைத் தேதிகள் 16, இரட்டைத் தேதிகள் 15. ஏனைய மாதங்களில் இரண்டும் சமம். ஆகவே 365 நாட்களில் ஒற்றைத் தேதிகள் 186, இரட்டைத் தேதிகள் 179. எல்லா நாட்களும் ஒரே அளவு ஆபத்துடையன எனினும், ஆயிரம் விபத்துகளில் ஏறக்குறைய 510 ஒற்றைத் தேதிகளிலும் 490 இரட்டைத் தேதிகளிலும் நிகழும் என்றே எதிர்பார்க்க வேண்டும். இவ்வேறுபாடு நாட்காட்டியின் அமைப்பால் நேர்வது.

இதனுடன் மனத்தின் இயல்பும் சேர்கிறது. நம்பிக்கைக்கு இசைந்த நிகழ்ச்சி நினைவில் நிற்கும், இசையாதது மறைந்துபோம்.

தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் சென்றது. அவ்வாழத்தில் பாறையின் மீதுள்ள அழுத்தம் மிகப் பெரிது. தாதுவை வெட்டியெடுக்குந்தோறும் எஞ்சிய பாறை அச்சுமையைத் தாங்க நேர்கிறது. தாங்கும் எல்லை கடந்ததும் அது திடீரென வெடித்துச் சிதறுகிறது. பெரு வெடிப்பை அடுத்துச் சிறு அதிர்வுகள் தொடர்வதும் உண்டு. இவற்றைத் தடுக்க வெட்டிய இடங்களைக் கருங்கற் சுவர்களாலும், பின்னர் கான்கிரீட்டாலும் நிரப்பினர். நில அதிர்வுக் கருவிகளால் வெடிப்பு நேர்ந்த இடங்களைக் கணித்தனர். அக்கருவிகள் பாறையின் நிலையைக் கூறின, தேதியின் குணத்தையன்று.

2001 பெப்ரவரி 28இல் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் ஆபத்து நிறைந்த தொழில்கள் எங்கும் உள்ளன. மொய்ப்பணத்தில் ஒரு ரூபாயைக் கூட்டி வைப்பதால் எவர்க்கும் கேடில்லை. அது அன்பின் அடையாளம். ஆனால் நல்ல எண் என்று நம்பித் தாங்குகட்டையைச் சோதியாது விடுவதும், தீய எண் என்று கூறி விபத்தின் காரணத்தை ஆராயாது விடுவதும் உயிருக்கே கேடாய் முடியும்.