எட்டாம் எண்ணும் பந்தயக் காரும்

நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களில் புது வீடாயினும், புது வண்டியாயினும், பெண் பார்க்கச் செல்லும் நாளாயினும் முதற்கண் நடைபெறுவது ஒரு கூட்டல் கணக்கே. இலக்கங்களைக் கூட்டி எட்டு வந்துவிட்டால் பெரியோர் முகம் வாடிவிடும். எட்டு சனி பகவானுக்கு உரியதாம். ஆகவே 8, 17, 26, 35, 44 ஆகியவை ஆகாவாம். ஊரை விட்டு, உற்றாரை விட்டு, மொழி தெரியாத சீமைக்கு வந்து சேர்ந்த நம்மோடு இக்கணக்கும் டிக்கட் இல்லாமலே ரயிலேறி வந்துவிட்டது.

சில ஞாயிறுகளுக்கு முன் தொலைக்காட்சியில் கார்ப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்த நம் மகன், “அப்பா, 44-ஐக் கூட்டினாலும் எட்டுத்தானே?” என்று வினவினான். அவன் சுட்டியது லூயிஸ் ஹாமில்டன் என்னும் ஆங்கிலேய வீரரின் காரை. அவ்வினா நம்மை விடவில்லை. கண் இமைக்கும் நேரத்தில் உயிர் போகக்கூடிய தொழில் கார்ப் பந்தயம். எண்ணுக்கு ஆற்றல் உண்டெனில் அங்கன்றோ அது வெளிப்பட வேண்டும்!

மேனாட்டார் அஞ்சுவது எட்டுக்கு அன்று, பதின்மூன்றுக்கு. 1925-இல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியனில் நடந்த பந்தயத்தில் பால் டோர்ஷி என்பவர் உயிரிழந்தார். மறு ஆண்டு சிசிலித் தீவின் டார்கா புளோரியோ பந்தயத்தில் ஜூலியோ மசெட்டி மாண்டார். இருவர் ஓட்டியதும் டெலாஜ் என்னும் பிரெஞ்சுக் கம்பெனியின் கார். இருவர் காரிலும் தீட்டப்பட்டிருந்தது 13. அதன் பின் அவ்வெண்ணைத் தொடுவார் அரிதாயினர். பார்முலா ஒன் பந்தயத்தில் கார்களுக்கு வரிசையாக எண் வழங்கிய காலத்தில் 12-க்கு அடுத்து 14 என்று தாண்டிச் செல்வதே வழக்கமாயிருந்தது. 1963-இல் மெக்சிகோவில் மோய்செஸ் சொலானா என்பவர் 13-ஆம் எண் காரை ஓட்டினார். ஊறு ஏதும் நேரவில்லை. ஆயினும் அச்சம் அகலவில்லை.

இத்தாலியரின் அச்சம் வேறு. அவர்களுக்குப் பதின்மூன்று நல்ல எண், பதினேழுதான் ஆகாது. ரோமானிய எழுத்தில் பதினேழை எழுதி, அவ்வெழுத்துக்களை இடம் மாற்றினால் “வாழ்ந்து முடித்தேன்” எனப் பொருள்படும் இலத்தீன் சொல் வருகிறது என்பது அவர்கள் கூறும் காரணம். பதினேழைக் கூட்டினால் நமக்கும் எட்டு. இத்தாலியரும் தமிழரும் இந்த ஓர் எண்ணிலாவது ஒன்றுபட்டோமே!

2014 முதல் பார்முலா ஒன் வீரர் ஒவ்வொருவரும் 2 முதல் 99 வரை தமக்கு விருப்பமான எண் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, தம் பந்தய வாழ்வு முழுதும் வைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. 1 மட்டும் முந்தின ஆண்டின் வெற்றி வீரருக்கு உரியது. வெனிசுவேலா நாட்டு மால்டனாடோ துணிந்து 13-ஐ எடுத்தார். அவர் அடிக்கடி மோதினார் என்பது உண்மையே. ஆனால் 13 வருமுன்னரே அவர் மோதலுக்குப் பேர் போனவர்; பாவம், அந்த எண் என் செய்யும்?

பிரெஞ்சு இளைஞர் ஜூல்ஸ் பியாங்கிக்கு வாய்த்தது 17. அவர் விரும்பிய 7, 27, 77 மூன்றையும் பிறர் எடுத்துக்கொண்டமையால் அது வந்தது. அவ்வாண்டு மே மாதம் மொனாக்கோவில் அதே 17-ஆம் எண் காரில் ஒன்பதாவதாக வந்து, மரூசியா என்னும் எளிய அணிக்கு அதன் முதற் புள்ளிகளைப் பெற்றுத் தந்தார். அன்று எவரும் 17-ஐக் குறை கூறவில்லை. அக்டோபர் 5-ஆம் நாள் ஜப்பானின் சுசூக்காவில் மழையில் பந்தயம் நடந்தது. வழுக்கி வெளியேறிய வேறொரு காரை அப்புறப்படுத்த எந்திர வண்டி ஒன்று ஓடுபாதையின் ஓரத்தில் நின்றது. பியாங்கியின் காரும் அவ்விடத்திலேயே வழுக்கி அவ்வண்டியின்மீது மோதிற்று. ஒன்பது மாதங்கள் நினைவின்றிக் கிடந்து அவர் உயிர் நீத்த நாள் 2015 ஜூலை 17. எண் சோதிடர் இதைக் கேட்டால் எழுந்தே நின்றுவிடுவர்.

ஆனால் பந்தயத்தை நடத்துவோர் செய்தது என்ன? 17-ஐ இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று விலக்கினர். அது அச்சத்தால் அன்று, மறைந்தவர்க்குச் செய்த மரியாதை. அத்துடன் அவர்கள் நின்றுவிடவில்லை. அபாயம் நேர்ந்தால் எல்லாக் கார்களும் ஒருங்கே வேகம் குறைக்க வேண்டும் என்னும் முறையை 2015-இல் கொணர்ந்தனர். 2018 முதல் ஓட்டுநர் தலையைச் சுற்றி டைட்டேனியம் வளையம் ஒன்றைக் கட்டாயமாக்கினர். அதைக் கண்டு அழகு கெட்டது என்று நகைத்தோர் பலர்.

2020 நவம்பர் 29, பஹ்ரைன். முதற் சுற்றிலேயே குரோஜான் என்பவரின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்து, இரண்டாக முறிந்து தீப்பற்றிற்று. ஏறக்குறைய அரை நிமிடம் தீயினுள் இருந்தவர், கைகளில் தீப்புண்ணோடு தாமே ஏறி வெளிவந்தார். தலையைக் காத்தது அவ்வளையம். அவர் கார் எண்ணோ 8!

ஹாமில்டனின் 44 சிறு வயதில் அவர் ஓட்டிய குட்டிப் பந்தய வண்டியின் எண். தந்தையார் கார்ப் பலகையிலிருந்து வந்தது. எட்டில் முடியும் அந்த எண்ணோடு அவர் 2014 முதல் 2020 வரை ஆறு முறை உலக வெற்றி பெற்றார்.

நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் 19-ஆம் எண் காரில் அமெரிக்காவின் இண்டியானாபோலிசில் நான்காவதாக வந்தார். கூட்டினால் ஒன்று, சூரியனின் எண் என்று மகிழலாம். ஆனால் அன்று மிஷெலின் டயர் பூட்டிய பதினான்கு கார்கள், டயர் தாங்காது என்று விலகிக்கொண்டன. ஓடியவை ஆறே கார்கள். சூரியனைவிட ரப்பருக்கே அதில் பங்கு அதிகம்.

இவ்வளவும் கூறும் நாம் யோக்கியரா எனின், இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒதுக்கப்பட்டபோது கதவில் இருந்த எண் 17. ஊரிலிருந்து வந்திருந்த அன்னையார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே அடியெடுத்து வைக்க மறுத்தார். நாமும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தோம். அன்று முதல் சம்பளத்தில் கணிசமான பகுதி வாடகைக்குப் போகிறது. மகளுக்கு வீணை கற்பிக்க எண்ணியது அவ்வாடகையில் கரைந்தது. அந்த 17-இல் குடியேறிய சக ஊழியர் வீட்டு வாசலில் முருங்கை காய்த்துத் தொங்குகிறது. வாரந்தோறும் நமக்கும் இரண்டு காய் அனுப்புகிறார்.

சென்ற மாதம் மீண்டும் பட்டியல் வந்தது. நமக்கு விழுந்திருப்பது 35. ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கையொப்பமிட்டு அன்றே கொடுத்துவிட்டோம். அன்னையாரிடம் இன்னும் சொல்லவில்லை, பொங்கலுக்கு வருகிறார்.